பார்ப்பது மட்டும் போதாது

காணொளிகளைப் பார்ப்பவர்களைவிட, இணையத்தில் தாமே எழுதியும் பேசியும் பங்கேற்கும் மாணவர்களுக்கே அயல்மொழி விரைவில் கைவருகிறது என்று ஒரு கட்டுரையில் படித்த கருத்தை, மொரிசியசின் ரோஸ்ஹில் நகரில் தமிழ் கற்பிக்கும் நான் முழுமனதோடு வழிமொழிகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, தேர்வுத்தாளில் ஆங்கிலம். மூதாதையர் மொழியாகிய தமிழ், எங்கள் ரூபாய் நோட்டிலேயே அச்சாகியிருந்தும், நாவில் அயல்மொழியாகவே நிற்கிறது.

சென்ற ஆண்டு, கோயிலில் வாழையிலையில் பரிமாறப்படும் ஏழு கறியைப் பற்றி ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினாள். கிரியோலிலும் பிரெஞ்சிலும் ழகர ஒலி இல்லாததால், 'வாலை இலையில் ஏலு கறி' என்றே சொன்னாள். எங்கள் குழுவில் இணைந்துள்ள மதுரை மாணவி ஒருத்தி, உச்சரிப்பைத் திருத்துவதற்கு முன், "ஏழு கறியா, என்னென்ன?" என்று ஆவலோடு கேட்டாள். அதற்கு விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே எங்கள் பெண் நாக்கை மடித்து மடித்து, 11 முறை பதிவுசெய்து அழித்தாள். நான் எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்தும் நடந்திராத முயற்சி அது. இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு என்பதால் நேரடி உரையாடலும் எளிதாகிறது.

அக்கட்டுரை தொடாத ஒன்று தட்டச்சு. ரோமன் எழுத்தில் அடித்தால் தமிழாக்கித் தரும் செயலிகளில் பழகிய பிள்ளைகள், திரை காட்டும் பரிந்துரையைத் தொட்டுவிட்டு, ல, ள, ழ வேறுபாட்டைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஆகவே 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை முதல் பருவத்திலேயே பழக்குகிறேன். அதில் ஒவ்வோர் எழுத்தையும் அறிந்தே தொட வேண்டியிருக்கிறது.