தடை என்று சொல்லாதீர்கள், வழி இருக்கிறது

"குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தடை, நண்பர்களோடு போகணும்னா கேரளாதான்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது இப்போது உண்மை இல்லை.

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அந்த வலி யாருக்கும் மறக்காது. அதன்பின் விதிமுறைகளை இறுக்கினார்களே தவிர மலையை ஒரேயடியாகப் பூட்டிவிடவில்லை. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவும் கொண்டுவந்தது. எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியாகக் கூடவே வருவது அந்தந்தப் பகுதிப் பழங்குடி, வனக்கிராம இளைஞர்கள். கோடையில் தீ அபாயத்துக்காக மூடுவார்கள், அது நம் உயிருக்காக.

கல்லூரி நண்பர்கள் நாலு பேர் அந்தப் பாதைகளில் ஒன்றான, பொள்ளாச்சி பக்கம் உள்ள ஆழியாறு கால்வாய்க் கரைப் பாதையில் போனோம். வழிகாட்டித் தம்பி சட்டென்று நின்று, யானை லத்தியைக் காட்டி, "விடியக்காலை போயிருக்கு, சத்தம் போடாதீங்க" என்றார். அதன்பின் அரை மணி நேரம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தந்தையை இழந்தபின் யாரிடமும் மனம்விட்டுப் பேசாத ஒருவன் எங்களோடு வந்திருந்தான். திரும்பும் வழியில் அவனாகவே பேச ஆரம்பித்தான். வீட்டு வரவேற்பறையில் எத்தனை முறை கேட்டும் வராத பேச்சு அது.

தடை என்று நம்பி யாரும் இதை இழக்க வேண்டாம். அனுமதியில்லாத குறுக்குப்பாதையில் கூட்டிப்போகிறேன் என்பவர்களோடு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.