டாக்டர் போனைப் பார்த்தால் பதறாதீர்கள்

"நம் முன்னாலேயே போனில் தேடிப் பார்த்துத்தான் மருந்து எழுதினார், இவரை எப்படி நம்புவது?" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு மருத்துவனாகச் சொல்கிறேன், சந்தேகம் வந்தும் பார்க்காமல் எழுதுபவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

நெஞ்சுச் சளியோடு வரும் பெரியவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதப் போகிறோம். அவர் கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்தால் சிம்வாஸ்டாடின் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறும். தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். தேடிப் பார்க்க அரை நிமிடம் போதும். வேறு ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாம்.

குழந்தைகள் விஷயம் இன்னும் நுணுக்கம். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லி. அதே ஏழரை மில்லியை 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் கொடுத்தால் 375 மில்லிகிராம் ஆகிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல்! இதையெல்லாம் மனக்கணக்காகப் போட்டுக் காட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது?

1985-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று நோயாளிகளைப் பார்த்தால் மருத்துவருக்கு ஏறக்குறைய இரண்டு கேள்விகள் எழுவது தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்போதே விடை கிடைக்கவில்லை. கிடைத்தவையும் பெரும்பாலும் சக மருத்துவரைக் கேட்டுத்தான். இன்று விடை கையிலேயே இருக்கிறது.

ஆனால் எங்கே தேடுகிறோம் என்பது முக்கியம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் 3 கோடிக்கும் மேலான கட்டுரைக் குறிப்புகள் உண்டு. வெளியே கூட்டம் காத்திருக்கும்போது அதில் இறங்க முடியாது. ஆய்வுகளைச் சுருக்கித் தரும் அப்டுடேட் போன்ற தொகுப்புகளும் மருந்துக் கையேடுகளும் அதற்காகத்தான் இருக்கின்றன. நல்லவை பலவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டியிருப்பது எனக்குத் தீராத ஆதங்கம். கூகுளில் முதலில் வந்து நிற்பதை நம்பி மருந்து எழுதக் கூடாது. ஏஐ செயலிகளும் தவறான டோஸை அடித்துச் சொல்லும். மூலத்தைத் திறந்து சரிபார்க்காமல் அதை எழுதவே கூடாது.

சக மருத்துவர்களுக்கு ஒன்று: மேசைக்குக் கீழே ஒளித்துப் பார்க்காதீர்கள். "இந்த இரண்டு மருந்தும் ஒத்துப்போகுமா என்று பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் திரையைத் திருப்பிக் காட்டுங்கள்.

நோயாளிகளுக்கு: நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் நாங்கள் எதைத் தேடுவது?