வடாபாவில் மயோனைஸ் எதற்கு?

மும்பையில் இப்போது வடாபாவ் கேட்டால், "சீஸ் போடவா, மயோனைஸ் போடவா?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் வேண்டாம் ஐயா, அந்தக் காய்ந்த பூண்டுச் சட்னியைப் போடுங்கள்! பூண்டு, கொப்பரை, மிளகாய்வற்றல் மூன்றையும் வறுத்து இடித்த சிவப்புப் பொடி. அதைப் பாவ் என்னும் பன்னின் உள்ளே தூவி, சூடான உருளைக்கிழங்கு வடையை வைத்து அமுக்கி, உப்பில் புரட்டிய பச்சைமிளகாயோடு தருவதுதான் வடாபாவ். 1960களில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். வேலைக்கு ஓடும் மில் தொழிலாளி நின்றபடியே பசியாறிய பண்டம். நேற்று வாங்கியதிலோ மயோனைஸ் ஊறி, பாவ் கூழாகிவிட்டது. கடுகு, கறிவேப்பிலை வாசனை மருந்துக்குக்கூட இல்லை. பொடி கேட்டதற்கு, "இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்கிறார் கடைக்காரர். நான் கேட்கிறேனே! எனக்குப் பின்னால் நின்ற பெரியவரும் அதைத்தான் கேட்டார்.