பௌஹவுஸிலிருந்து நிறச் சக்கரம் வந்தது, பட்டறை வரவில்லை

நவீனக் கட்டடக்கலையின் தாய்வீடு என்று கொண்டாடப்படும் ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் முதல் எட்டு வருடம் கட்டடக்கலைத் துறையே கிடையாது. வால்ட்டர் குரோப்பியஸ் 1919 ஏப்ரலில் வைமாரில் பள்ளியைத் தொடங்கினார். துறை வந்தது 1927ல்தான், பள்ளி டெசாவுக்கு இடம் மாறிய பிறகு, ஹான்னஸ் மேயர் பொறுப்பில். அதுவரை நெசவு, தச்சு, உலோகம், மண்பாண்டம், அச்சு என்று பட்டறைகள்தான்.

நம்ம ஊர் பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) முதல் வருடத்து ‘பேசிக் டிசைன்’ பாடத்துக்கு மூலம், யொஹான்னஸ் இட்டன் அங்கே வகுத்த ஆறு மாத முன்பயிற்சி. பெரும்பாலான கல்லூரிகளில் அது புள்ளி, கோடு, 12 நிறச் சக்கரம், ஷீட்டில் போஸ்டர் கலர் என்று சுருங்கிக் கிடக்கிறது. கோடு பிசகாமல் வர்ணம் அடித்தவருக்கு நல்ல மதிப்பெண். எளிதான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் புகார்.

கடினமான பாதி யோசெப் ஆல்பர்ஸுடையது. 1923ல் இட்டன் விலகிய பிறகு ஆல்பர்ஸும் சக ஆசிரியர் மொஹோலி-நாகியும் அந்தப் பயிற்சியை ஏற்றார்கள். மாணவர்களிடம் செய்தித்தாளைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொல்வார் ஆல்பர்ஸ். கோட்டை, கப்பல், விமானம் எல்லாம் வந்தன. அவர் பாராட்டியது, தாளை வெறுமனே நீளவாக்கில் மடித்துத் திரைத்தட்டி போல நிறுத்தியிருந்த ஒருவரை. படுத்தே கிடக்கும் தாள் அங்கே நிமிர்ந்து நின்றது, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வகுப்பில் பிறந்த வட்ட மடிப்பை எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) தாளில் 25 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம். உள்ளே ஒரே மையத்தில் 1 செ.மீ. இடைவெளியில் ஒன்பது வட்டங்கள். காம்பஸில் பென்சிலுக்குப் பதிலாக மை தீர்ந்த ரீஃபிலைச் செருகி அழுத்திக் கீறுங்கள். ஒரு வட்டம் முன்பக்கம் என்றால் அடுத்தது பின்பக்கம். முள் குத்திய துளையே பின்பக்கத்துக்கும் மையம். நடுவில் 5 செ.மீ. ஓட்டையைக் கடைசியில் வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் காம்பஸ் முள்ளை ஊன்ற இடமிருக்காது. பிறகு வெளிவட்டத்திலிருந்து உள்ளே, மேடு பள்ளமாக, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மடிக்க வேண்டும்.

முடிந்ததும் தாள் தானாகவே குதிரைச் சேணம் போல வளையும். மடிப்பில் ஆரம் குறைகிறது, சுற்றளவு அப்படியே இருக்கிறது. மிச்சமான சுற்றளவு தட்டையாக இருக்க முடியாமல் மேலும் கீழும் அலைகிறது. ஒரே பக்கம் கீறினால் பாதி மடிப்புகள் முரண்டு பிடிக்கும். ஓட்டை இல்லாவிட்டால் நடுப்பகுதி கசங்கும். சார்ட் அட்டை கனமாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும், செய்தித்தாளாக இருந்தால் நிற்காது. ஷெல் கூரை, அதாவது வளைந்த ஓடு போன்ற கூரை, ஏன் மெல்லியதாக இருந்தும் தாங்குகிறது என்று நாலாம் வருடத்தில் போர்டில் வரைந்து விளக்குவதைவிட இது சீக்கிரம் புரியும்.

முன்பயிற்சி முடித்தவர்கள் பட்டறைக்குப் போனார்கள். வைமாரில் பட்டறைக்கு இரண்டு ஆசான்கள்: வடிவம் சொல்லித்தர ஓர் ஓவியர், கைவேலை சொல்லித்தர ஒரு தொழிலாளி. கைவேலை ஆசானுக்கு ஆசான்கள் குழுவில் வாக்குரிமை கிடையாது. டெசாவில், அதே பள்ளியில் படித்து வளர்ந்த மார்செல் பிராயர், குன்டா ஷ்டோல்ட்ஸ்ல் போன்றவர்கள் ஆசிரியர்களானபோது இரண்டு வேலையும் ஒருவர் கைக்கு வந்தது.

நாம் காப்பியடித்ததோ அந்தப் பள்ளியின் பலவீனமான பொருளை. 1926ல் திறந்த டெசாவ் கட்டடத்தின் பட்டறைப் பகுதிக்கு மாடி மாடியாக ஒற்றை அடுக்குக் கண்ணாடிச் சுவர். கோடையில் வெந்தது, குளிரில் விறைத்தது. ஜெர்மனியிலேயே அந்தக் கதி. அதன் வாரிசுகளான கண்ணாடிக் கட்டடங்களைச் சென்னை ஓஎம்ஆர் சாலையில் மேற்கு வெயிலைப் பார்த்து நிறுத்தி ஏசியை ஓடவிடுகிறோம்.

இத்தனைக்கும் 1937ல் வேலை தொடங்கிய கோல்கொண்டே விடுதி பக்கத்துப் புதுச்சேரியில்தான் இருக்கிறது. கட்டடக்கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது, அவர் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமா கூடவே தங்கிக் கட்டியது. நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. முகப்பு முழுக்கத் திருப்பிக்கொள்ளும் கிடைப்பலகைகள். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று போக வழி. கட்டியவர்களில் பலர் அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள், வேலையிடத்திலேயே தொழில் கற்றவர்கள். கைவினைக்குத் திரும்புவோம் என்று பௌஹவுஸின் தொடக்க அறிக்கை பேசிய பட்டறை இதுதான், பௌஹவுஸ் பெயர் இல்லாமல்.

பட்டமில்லாத ஆசாரியை நிரந்தர ஆசிரியராக்க விதிகள் இடம் தராது. ஆனால் வருகை ஆசிரியர் என்று இன்னொரு ஆர்க்கிடெக்டை அழைக்கும் பணத்தில், இரண்டாம் செமஸ்டருக்கு ஒரு தச்சாசாரியையும் கான்கிரீட்டுக்கு அச்சுப்பலகை அடிக்கும் ஒரு ஷட்டரிங் மேஸ்திரியையும் அழைக்கலாம். மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரியில் அவர்களையும் மதிப்பெண் போட விடுங்கள். வைமார் அதைச் செய்யவில்லை.