சரி, என் போர்டு குப்பைதான்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தத் தம்பி தன் பிசி படத்தையே நீக்கிவிட்டான் என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. எந்தப் படம் என்று தெரியாத மாதிரி கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள், பெயரோடு பார்த்தேன்.

அவன் செய்த தப்பு என்ன? கல்லூரி முதல் வருடம் படிக்கிற பையன், தானே திருகாணி முடுக்கி ஒரு பிசி சேர்த்து, பக்கவாட்டு மூடியைத் திறந்துவைத்துப் படம் எடுத்து, "என் முதல் பிசி" என்று ஒரு வரி எழுதிப் போட்டான். எச்610 போர்டு (எல்லாப் பாகத்தையும் மாட்டுகிற மதர்போர்டைத்தான் போர்டு என்கிறேன்), ஐ3 12100எஃப் பிராசசர், 16 ஜிபி ராம், ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்கள்: "இது மதர்போர்டா, ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்போடு கொடுத்ததா?" "ஹீட்சிங்க் கூட இல்லையே, ஊட்டிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டராவது போட்டுவிடு தம்பி." (ஹீட்சிங்க் என்பது சூட்டை இழுத்து வெளியேற்றுகிற உலோகக் கட்டி.) அவன் கோத்தகிரி பக்கம். கீழே இருப்பவர்களுக்கு மலை ஏறினால் எல்லாமே ஊட்டிதான், அதை விடுங்கள். கடைசியாக, பிசி பற்றி வீடியோ போடுகிற நம் வீடியோ அண்ணன் வந்து தீர்ப்பு எழுதினார்: பத்தாயிரத்துக்குக் கீழே போர்டு வாங்குகிறவர்கள் அதை கேமிங் பிசி என்று சொல்லிக்கொள்ள வேண்டாமாம்.

சரிங்கண்ணா. இனிமேல் ஆர்டிஓ ஆபீசில் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டு விளையாடுகிறோம்.

ஒரே ஒரு விஷயம்தான் நான் சொல்ல வந்தது. போர்டு ஃபிரேம் தராது (ஃபிரேம் என்றால் விளையாடும்போது விநாடிக்குத் திரையில் ஓடுகிற படங்கள்). கிராஃபிக்ஸ் கார்டு தரும், பிராசசர் தரும், ராமை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு பயாஸுக்குள் (பிசி ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற, போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) போய் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்தால் அதுவும் கொஞ்சம் தரும். அதே பிராசசர், அதே கார்டை ஐயாயிரம் ரூபாய் போர்டிலும் இருபதாயிரம் ரூபாய் போர்டிலும் மாட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தால் வந்து சொல்லுங்கள். அந்தத் தம்பி போர்டில் மிச்சம் பிடித்த காசை கார்டில் போட்டிருக்கிறான். சரியான கணக்கு அதுதான். கூடப் பத்தாயிரம் போர்டில் போட்டு கார்டில் ஒரு படி இறங்கியிருந்தால் படம் அழகாக வந்திருக்கும், விளையாட்டு திக்கித் திணறியிருக்கும். ஆனால் நீங்கள் எல்லோரும் ஹார்ட்டின் போட்டிருப்பீர்கள்.

பத்தாயிரம் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் போர்டுக்கும் அண்ணன் சிபாரிசு செய்த போர்டுக்கும் நடுவில் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது 450 கிலோ இலை. எங்கம்மா நாளைக்கு 25 கிலோ பறித்தால் 18 நாள். உரம், மருந்து, வண்டி வாடகை எதையும் கழிக்காமலே. 18 நாள் இடுப்பில் கட்டின தார்ப்பாயோடு அட்டைக்கடியில் நின்று, அந்தப் பணத்தைப் போர்டின் ஓரத்தில் எரிகிற கலர் லைட்டுக்குக் கொடுக்க வேண்டும். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

நானும் அப்படி ஒரு குப்பை போர்டுக்காரிதான். 2023இல் வாங்கியது. ஏ520 சிப்செட் (போர்டு எந்த வகை என்று சொல்லும் சிப்), ரைசன் 5 5600 பிராசசர், அதே ஆர்எக்ஸ் 6600. கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கினேன். "பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். இல்லை எனக்கு என்றதும், ஓ டேலி போடவா என்றார். (நான் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், டேலியும் போடுவேன், அது வேறு.) மேட்டுப்பாளையம் வந்து கோத்தகிரி பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு மணி வரை ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அப்புறம்தான் புரிந்தது, 2020இல் வந்த சிப்செட், 2022இல் வந்த பிராசசர், போர்டு பழைய ஸ்டாக், பயாஸ் அப்டேட் ஆகாதது. கொஞ்சம் விலை கூடின சில போர்டில் பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து பயாஸ் ஏற்றுகிற வசதி உண்டு. என்னுடையதில் கிடையாது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளிக் கவரில் போட்ட போர்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப மலை இறங்கினேன். கடையில் பழைய பிராசசர் ஒன்றை மாட்டிப் பத்து நிமிடத்தில் ஏற்றிக் கொடுத்தார், 200 ரூபாய். பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்கெழுதினேன், அப்போதும் எனக்கு லாபம்தான். ஆக, குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையோடு குடும்பம் நடத்துகிறேன் என்கிறேன்.

என்ன குறை என்று நானே சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்குச் சிரமம் வேண்டாம். ஃபேன் ஹெடர் (போர்டில் ஃபேன் வயரைச் செருகும் இடம்) இரண்டே இரண்டு, ஒன்று பிராசசர் ஃபேனுக்குப் போய்விட்டது, மற்றதில் ஒய் கேபிள் போட்டு இரண்டு ஃபேன் ஓட்டுகிறேன். ராம் ஸ்லாட்டும் இரண்டே. முன்பக்கம் ஹெட்போன் மாட்டினால் மவுஸ் நகரும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பின்பக்கம் மாட்டினால் இல்லை, பின்பக்கமே மாட்டுகிறேன். ஜனவரியில் விடிகாலை வீட்டுக்குள்ளேயே 8, 9 டிகிரி இருக்கும்போது முதல் தடவை ஆன் ஆகாது. இரண்டாவது தடவை ஆகும். ராம் வேகத்தை 3200இலிருந்து 2933க்கு இறக்கி வைத்தேன், அதோடு நின்றது. ஃபிரேம் ஏதாவது குறைந்ததா? எனக்குத் தெரியவில்லை. தெரிகிற கண் உங்களுக்கு இருந்தால் நல்லது.

இடி விஷயம் ஒன்று இருக்கிறது. போன வருடம் மே மாதம், மழைக்கு முந்தின அந்தச் சாயங்கால இடி. பிசி ஆஃப், பிளக் கூடப் பிடுங்கியாயிற்று. ஆனால் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த இன்டர்நெட் வயர் பின்னால் மாட்டியே இருந்தது, அதை யார் நினைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. மறுநாள் ஆன் செய்தால் எல்லாம் வேலை செய்கிறது, நெட் வயர் மாட்டுகிற லேன் போர்ட் மட்டும் செத்துப்போயிற்று. எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பச்சை லைட் இல்லை. அழுகையே வந்துவிட்டது. அப்புறம் 600 ரூபாய்க்கு ஒரு லேன் கார்டு வாங்கி, சும்மா கிடந்த சின்ன ஸ்லாட்டில் சொருகினேன், இன்றுவரை ஓடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருபதாயிரம் ரூபாய் போர்டாக இருந்தால் இடி விலகிப் போயிருக்குமா? வாரண்டி எனக்கும் மூன்று வருடம், அண்ணன் சொன்ன போர்டுக்கும் மூன்று வருடம்தான், பார்த்தேன். இடிக்கு இரண்டிலும் கிடையாது. மலையில் போர்டைக் கொல்வது விலை இல்லைங்க. இடி, ஈரம், மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வருவது. அந்தத் தம்பிக்குச் சொல்வதானால் நல்ல எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வாங்கு, யுபிஎஸ் வாங்கு, இடி இடித்தால் நெட் வயரையும் பிடுங்கு என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தர் சொல்லவில்லையே. ஸ்வெட்டர் ஜோக்குக்கு மட்டும் எத்தனை பேர்!

இப்போது விஆர்எம் என்று கிளம்பி வருவார்கள், தெரியும். பிராசசரைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கட்டைகள் வரிசையாக இருக்குமே, எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுப்பவை, அவைதான் விஆர்எம், அவை சூடாகும், மேலே ஹீட்சிங்க் இல்லாவிட்டால் இன்னும் சூடாகும், சூடு தாங்காவிட்டால் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லாம் உண்மை. 12900கே மாதிரி உச்சத்தில் 241 வாட் இழுக்கிற சிப்பை எச்610 போர்டில் வைத்தால் அது கதறும், ஒப்புக்கொள்கிறேன். அவன் அதையா வைத்தான்? 12100எஃப் அடிப்படை 58 வாட், முழுசாக மூச்சுப் பிடித்தால் 89. என் 5600 சாதாரணமாக 65, உச்சம் 76. ஸ்கூட்டிக்கு லாரி டயர் மாட்டவில்லை என்று சிரிக்கிறீர்கள். மேலும், நீங்கள் பார்க்கும் அந்த டெஸ்ட் வீடியோக்கள் ஏதோ வெக்கை ஊரில் அறைக்குள் எடுத்தவை. எங்கள் வீட்டு ஹாலில் மே மாதமே 22 தாண்டினால் அம்மா ஃபேன் வாங்கலாமா என்று கேட்பார். உயரத்தில் காற்று லேசு, ஃபேன் அவ்வளவாகக் குளிர்விக்காது என்று ஒருவர் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருந்தார். ஆமாம், கோத்தகிரி உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசுதான். ஆனால் அறையே உங்கள் ஊரைவிடப் பதினைந்து டிகிரி குறைவு. எது பெரிது? நம்பிக்கை இல்லாவிட்டால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள், என் போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.

பின்னாடி அப்கிரேடு செய்ய முடியாதே என்பவர்களுக்கு: ஏஎம்4 சாக்கெட்டுக்கு (என் போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 2024 ஜனவரியில் கூட 5700எக்ஸ்3டி என்ற பிராசசர் வந்தது, என் குப்பை போர்டும் அதை ஏற்றுக்கொள்ளும். அந்தத் தம்பி? அவன் அப்கிரேடு செய்யமாட்டான், நான்கைந்து வருடம் ஓட்டிவிட்டு விற்பான். எல்லோரும் அப்படித்தான்.

பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) பற்றிக் கேட்டவர் ஒருவர்தான் உருப்படியாகக் கேட்டார். ஏ520இல் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0தான். ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு லேன் (நெட் வயர் லேன் இல்லை, தரவு போகிற பாதை) இருப்பதால் பெரிதாகத் தெரியாது. ஆனால் நான்கே லேன் வைத்த 6500எக்ஸ்டி மாதிரி கார்டை இதில் போட்டால் நிஜமாகவே அடி வாங்கும். சரிதான், நியாயமான கேள்வி, நன்றி. தம்பியின் எச்610இல் கார்டு ஸ்லாட் 4.0, அவனுக்கு அந்தக் கவலையும் இல்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே, இதைவிடப் பத்து மடங்கு பொறுமையாக, அந்தப் பதிவிலேயே எழுதினேன். வந்த பதில் என்ன தெரியுமா? "அக்கா, வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்களேன்." அதற்கு 43 பேர் சிரித்திருந்தார்கள். எண்ணினேன். என் வீட்டுக்காரர் டிரைவர், அந்த பிசியை எப்படி ஆஃப் செய்வது என்று இன்றைக்கும் என்னிடம்தான் கேட்பார், கேட்டால் சொல்லிக் கொடுப்பேன், எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடாது. கடைக்காரர் டேலியா என்று கேட்டதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை போலிருக்கிறது.

பொறாமை என்பார்கள். விலை உயர்ந்த போர்டு வாங்க முடியாத வயிற்றெரிச்சல் என்று ஒருவர் ஏற்கெனவே எழுதியும்விட்டார். இருக்கட்டும். வாங்கக் காசிருப்பவர் வாங்கட்டும், நான் ஏன் தடுக்கிறேன், பத்து ஃபேன் ஹெடர் இருந்தால் எனக்கும் ஆசைதான். வாங்கினதை வைத்து இன்னொருவனை மட்டம் தட்டாதீர்கள் என்றால் அதற்குப் பெயர் பொறாமையா? அவன் உங்களிடம் காசு கேட்டானா, ஆலோசனை கேட்டானா? ஒரு வரிதானே எழுதினான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் நிஜமாகவே ஒரு தப்பு இருந்தது. விஆர்எம் நிபுணர்கள், சிப்செட் பண்டிதர்கள், லட்சம் பேர் பார்க்கிற வீடியோ அண்ணன், யார் கண்ணிலும் அது படவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் அந்தப் பெரிய 24 பின் கேபிள் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கொக்கி மாட்டவில்லை. இன்பாக்ஸில் சொல்லலாம் என்று போனால் அவன் கணக்கையே மூடிவிட்டுப் போயிருக்கிறான். நம்மூர்ப் பிள்ளைகள் யாராவது அவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

தம்பி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டின் அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு அந்தக் கேபிளை நேராக அழுத்து. புது போர்டில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பயப்படாதே. 'டக்' என்று சத்தம் வரும்.