அமெரிக்க அரசின் ‘இலவச மானியம்’: வாட்ஸ்அப் செய்தி தவறு

‘பின்தங்கிய பகுதிகளில் சிறுதொழில் தொடங்குவோருக்கு அமெரிக்க அரசு மானியம் ஒதுக்கிவிட்டது; பதிவுக் கட்டணம் செலுத்தினால் பணம் கணக்கில் விழும்’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.

விண்ணப்பிக்காதவரைத் தேடி வந்து அமெரிக்க அரசு மானியம் தருவதில்லை. கூட்டாட்சி அரசின் மானிய அறிவிப்புகளை கிராண்ட்ஸ்.கவ் (grants.gov) தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், விண்ணப்பிக்கலாம். அமைப்புகள் அதற்குமுன் செய்யவேண்டிய சாம்.கவ் (sam.gov) தளப் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. இணைய முகவரி ‘.கவ்’ (.gov) என்றே முடிகிறதா எனப் பாருங்கள். அந்த எழுத்துகளை நடுவில் செருகி ‘.காம்’ என முடிப்பது பழைய தந்திரம்.

தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம் (எஸ்பிஏ) மானியமே வழங்குவதில்லை; அதன் முக்கிய வேலைகளில் ஒன்று கடனுக்கு உத்தரவாதம் அளிப்பது. தொண்டு நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மானியங்கள் உண்டுதான், போட்டியில் தேறினால்.

இச்செய்தியை மேலும் யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.