படகுக்காரர் வேண்டாம் என்றால்

சாலை போய்ச் சேராத கடற்கரை ஊர்கள் என்றால் எனக்கு உயிர். பாதி நாள் பஸ், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு துறையில் இறங்கி விசாரிப்பது, அங்கிருந்து படகு. கடைசியில் மோட்டார் சத்தமும் நின்று, படகின் அடி மணலில் உரசும் அந்த நொடிக்காகவே எத்தனையோ முறை போயிருக்கிறேன். இப்போது இப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். சந்தோஷம். எங்கே தங்கலாம், எந்தக் கரை அழகு என்று என்னிடமும் கேட்கிறார்கள். அதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: படகுக்காரர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள். கெஞ்சாதீர்கள். கூடப் பணம் தருகிறேன் என்று ஆசை காட்டாதீர்கள்.

இப்படி அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு தீவிலிருந்து திரும்ப வேண்டிய நாள். மதியம் இரண்டரை மணி. அக்கரையில் ஐந்து மணிக்குக் கடைசி பஸ், மறுநாள் காலையில் விமானம். துறையில் ஏழு பேர் நின்றோம். படகுக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். கடலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நாளை விடியற்காலையில் கூட்டிப்போகிறேன் என்றார். எங்களில் ஒருவர் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். இன்னொருவர் மூன்று மடங்கு. நான் பணம் பேசவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கயிற்றை அவிழ்த்தார்.

தீவின் மறைவில் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. முனையைத் தாண்டியதும் காற்று நேராக முகத்தில் அறைந்தது. படகின் முன்பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் சிமெண்ட் தரையில் போட்டு இடித்த மாதிரி முதுகுத்தண்டு வரைக்கும் வலித்தது. முன்பலகையில் இருந்த பெண், குழந்தையைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. படகுக்காரர் உட்காரவில்லை. மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து நின்றபடி, அலை வருவதற்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்து, ஏறி இறங்கியதும் கூட்டி, மறுபடி குறைத்து, மறுபடி கூட்டி. அந்த மணிக்கட்டு முறுக்குவதும் தளர்வதுமாக இருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நாற்பது நிமிடம். கரை சேர்ந்ததும் எல்லாரும் பஸ்ஸைப் பார்த்து ஓடினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. நாங்கள் வந்துவிட்டோம். அவர் அதே கடலில், பாரம் இறங்கி லேசாகிப்போன படகில், தனியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். வீடு போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்க அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு யோசிக்காததை அதற்கப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன். ஆள் ஏற்றினால்தான் படகுக்காரருக்குக் காசு. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும்போது அவர் தன் ஒருநாள் வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் அதைச் சொல்கிறார். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் ஒருவர் சொல்கிற சொல்லைவிட நம்பகமான தகவல் அந்தத் துறையில் வேறு யாரிடம் கிடைக்கும்? நம் போனில் இருக்கும் வானிலைச் செயலி அந்த வட்டாரத்துக்கே பொதுவாக ஒரு எண்ணைச் சொல்லும். அவருக்கோ எந்த முனையில் அலை திரும்பும், எந்த இடத்தில் நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் என்று தெரியும்.

கிரீஸ் நாட்டு முறை எனக்குப் பிடித்தது. கிரீட் தீவின் தென்கரையில் லூத்ரோ என்ற ஊருக்குச் சாலை கிடையாது. பக்கத்தில் அயியா ரூமெலிக்கும் கிடையாது. சமரியா பள்ளத்தாக்கில் சுமார் 16 கிலோமீட்டர் நடந்து இறங்குகிறவர்கள் அங்கிருந்து கப்பல் பிடித்துத்தான் வெளியே வர முடியும். கப்பல் ஹோரா ஸ்ஃபாக்கியோனை அடையும்போது ஹானியா நகரத்துக்குப் போகும் பஸ் அதற்காகவே காத்திருக்கும். கப்பல் தாமதமானால் பஸ்ஸும் தாமதம். இதைவிட முக்கியம், காற்றின் பலத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் அது ஒரு எல்லையைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகளே கப்பல் போகக் கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள். கேப்டனிடம் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. 'இல்லை' என்று சொல்கிற பாரம் ஒரு தனிமனிதனின் தலையில் விழுவதில்லை. சிறு படகுகள் ஓடும் எத்தனையோ துறைகளில் அப்படி ஒரு அலுவலகம் கிடையாது. அங்கே அந்தப் பாரம் முழுக்க, வீட்டில் உலை வைக்கவேண்டிய ஒருவர் மேல் இருக்கிறது. அதன்மேல் நாம் போய் மூன்று மடங்கு பணத்தையும் ஏற்றுகிறோம்.

சரி, நாம் ஏன் கெஞ்சுகிறோம்? கெட்டவர்கள் என்பதால் இல்லை. மறுநாள் விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறோம், அதனால்தான். தப்பு துறையில் நடப்பதில்லை, வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே நடந்துவிடுகிறது. பஸ் கடிகாரத்தைப் பார்த்து ஓடும். படகு காற்றையும் நீர்மட்டத்தையும் ஏறியிருக்கும் தலைகளையும் பார்த்து ஓடும். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

தாய்லாந்தின் ரைலே தீவு இல்லை, நிலத்தோடு ஒட்டியதுதான். ஆனால் சுண்ணாம்புப் பாறைகள் சுவர் மாதிரி மறித்து நிற்பதால் படகில்தான் போகவேண்டும். ஆவ் நாங் கரையில் நீள்வால் படகுகள் போதுமான ஆள் சேரும்வரை கிளம்பாது. கிழக்குப் பக்கம் நீர் வற்றும் நேரத்தில் சேறு தலைகாட்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குப் பக்கம் ஏறி இறங்குவதே பாடு. கோஸ்டா ரிக்காவின் தொர்த்துகெரோவில் இதற்கு நேர்மாறு. கரியாரியிலிருந்து பஸ்ஸில் லா பவோனா, அங்கிருந்து ஆற்றுப் படகில் சுமார் ஒரு மணி நேரம். காற்றுப் பிரச்சினை இல்லை, ஆனால் மழை குறைந்தால் ஆற்றில் தண்ணீர் போதாமல் படகு மணலில் தட்டும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடும் ஊர் அது. அதைப் பார்க்க அப்போது கூட்டம் வரும்.

கொலம்பியாவின் கபுர்கனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போகும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை பனாமா எல்லையில் டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்கு அறுந்துபோய்க் கிடக்கிறது. அந்த இடைவெளியின் கடலோரத்தில் இருக்கிற ஊர் அது. நெகோக்லி வரைக்கும் பஸ், அப்புறம் உராபா வளைகுடாவைக் குறுக்கே கடக்கும் விசைப்படகு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்று பலமாக அடிக்கும். வெயில் நன்றாக இருக்கும் மாதங்களும் அவைதான், அதனால் வெளியூர்க்காரர்கள் அப்போதே வருவார்கள். படகுகள் காலையிலேயே கிளம்பிவிடும். அதற்குக் காரணம் எளிது. பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும், அதன்மேல் இருக்கும் காற்று மேலே எழும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று கரைக்கு வரும். மதியத்துக்கு மேல் அது வலுக்கும். உலகத்தில் பல இடங்களில் சிறு படகுக்காரர்கள் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் முடித்துக்கொள்வதற்கு இதுதான் பின்னணி. நாமோ இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, காலையில் நிதானமாகச் சாப்பிட்டு, குளித்து, பன்னிரண்டு மணிக்குத் துறைக்கு வந்து நிற்கிறோம்.

ஆகவே நான் இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறேன். அந்த ஊருக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? அதற்கு முந்தின படகைத்தான் என் படகாக வைத்துக்கொள்கிறேன். அதைப் பிடிக்க முடியாத பஸ் என்றால், துறை இருக்கும் ஊரிலேயே ஒரு ராத்திரி தங்கிவிடுவேன். இந்தத் துறை ஊர்களை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. எனக்கு அவை பிடிக்கும். மாலையில் துறையில் போய் உட்கார்ந்தால் நாளைய கடல் எப்படி என்று நாலு பேர் பேசிக்கொள்வது காதில் விழும். பாஷை புரியாவிட்டாலும், படகுகளை வழக்கத்தைவிட மேலே இழுத்துக் கட்டுகிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். திரும்பும்போது விமானத்துக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு நாள் விட்டு வைக்கிறேன். விடுமுறையே ஐந்து நாள்தான் என்றால்? சாலை போகிற கடற்கரைக்குப் போங்கள். தப்பே இல்லை.

பைக்கு நீர் புகாத உறை, பின்பக்கத்து இருக்கை (அங்கே குலுக்கல் குறைவு), உயிர்காப்பு உடையை மடியில் வைக்காமல் மாட்டிக்கொள்வது. இதெல்லாம் ஏறியதும் செய்யவேண்டியவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. படகுக்காரர் சரி என்று சொல்லும்போது நாம் வேண்டாம் என்று சொல்லவேண்டிய நேரமும் வரும். செனெகல் நாட்டின் தென்பகுதியான கஸமான்ஸை நாட்டின் மற்றப் பகுதியிலிருந்து காம்பியா நடுவில் புகுந்து பிரிக்கிறது. சாலைவழி என்றால் இன்னொரு நாட்டைக் கடந்து, ஆற்றைக் கடக்கவும் காத்துக்கிடந்து போகவேண்டியிருந்த காலம். அதனால் கஸமான்ஸில் இருக்கும் ஜிகின்ஷோரிலிருந்து தலைநகர் டாக்கருக்குக் கப்பலில் போகவே ஜனங்கள் விரும்பினார்கள். 2002 செப்டம்பர் 26 அன்று லெ ஜூலா என்ற கப்பல், ஏறக்குறைய 580 பேருக்கான கப்பல், அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆட்களோடு கிளம்பியது. இரவில் காற்றும் மழையும் அடித்தபோது சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 64 பேர். அந்த ஜனங்களுக்கு வேறு நல்ல வழி இல்லை. காம்பியா ஆற்றின் மேல் பாலம் திறந்ததே 2019இல்தான். சுற்றிப்பார்க்கப் போகிற நமக்கு வேறு வழி எப்போதும் இருக்கிறது, அடுத்த படகு. நிற்க இடமில்லாத படகில் நாமும் போய் ஏறும்போது, அன்றைக்கே ஊர் போய்ச் சேரவேண்டிய ஒருவரின் ஆபத்தைத்தான் கூட்டுகிறோம்.

போன வருடம் வேறொரு ஊரில் திரும்பும் நாளன்று காலையிலேயே காற்று. படகுக்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார். சரி என்று தலையாட்டினேன். அவர் முகம் லேசானதை நான் பார்த்தேன். அடுத்து நான் பேரம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. மாலையில் படகை இன்னும் மேலே ஏற்ற ஆள் தேவைப்பட்டது. உருளைக் கட்டைகளை முன்னால் மாற்றி மாற்றிப் போட்டு நாலைந்து பேரோடு நானும் தள்ளினேன். மறுநாளும் காற்று விடவில்லை. மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னால் கதவு தட்டும் சத்தம். எழுந்து போனேன். கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் தன் இடத்தை ஒட்டி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.